வாளுக்குப் பலியான இசைக்கலைஞர் - கிரிஸ்டோஃப் ஹரான்ட்

செக் நாட்டு இசை என்றவுடன் ஸ்மெட்டனா, த்வோராக் என்ற இரண்டு பெயர்களைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். இவர்கள் பிறப்பதற்கு 250 ஆண்டுகளுக்கு முன்பே அந்த மண்ணில் ஓர் இசையமைப்பாளர் இருந்தார். படைவீரர், பயண எழுத்தாளர், அரசவை அதிகாரி என்று அவருக்குப் பல முகங்கள். கடைசியில் பிராக் நகரின் நடுவே மேடை போட்டு, ஊரே பார்க்க அவர் தலையை வெட்டினார்கள். அவர்தான் கிரிஸ்டோஃப் ஹரான்ட்.

இளமை

1564-ல் பொஹீமியாவில் உள்ள கிளெனோவா கோட்டையில் ஒரு கத்தோலிக்கப் பிரபு குடும்பத்தில் பிறந்தார். 1576-ல் இன்ஸ்ப்ரூக் அரண்மனைக்கு ஏவல் சிறுவனாக அனுப்பப்பட்டார். எட்டு ஆண்டுகள் அங்கே இருந்து பல மொழிகளையும் இசையையும் கற்றார். ஊர் திரும்பிய பின், துருக்கியருக்கு எதிரான போரில் சில ஆண்டுகள் சண்டையிட்டார்.

ஜெருசலேமில் ஒரு பாடல்

1597-ல் மனைவி இறந்துபோனார். அடுத்த ஆண்டே, மனைவி வழி உறவினரும் நண்பருமான ஹெர்மன் செர்னினுடன் நெடும்பயணம் கிளம்பினார். வெனிஸ், கிரீட், சைப்ரஸ் வழியாக ஜெருசலேம், பிறகு சினாய் மலை, கெய்ரோ... அந்தக் காலத்தில் போனவர் திரும்பி வருவார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத பாதை அது.

இந்தப் பயணத்தின்போது ஜெருசலேமில் ஹரான்ட் ஒரு பாடலுக்கு இசை அமைத்தார். இறைவனை நம்பியவன் அசைய மாட்டான் என்று சொல்லும் சங்கீதம் அது. ஆறு குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டுகளில் பாடி, ஒன்றோடு ஒன்று பின்னிச் செல்லும் அமைப்பு. 1608-ல் செக் மொழியில் வெளியிட்ட தன் பயண நூலிலேயே அதையும் அச்சிட்டார்.

பெட்ஸ்கா கோட்டை

ஊர் திரும்பியவருக்குப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அவையில் பதவி கிடைத்தது. இரண்டாவது திருமணத்தின் மூலம் பெட்ஸ்கா கோட்டையும் கைக்கு வந்தது. அதைப் புதுப்பித்து, அங்கே இசைக்கும் இடம் கொடுத்தார். இத்தாலியரான மரென்சியோவின் ஒரு பாடலை அடிப்படையாக வைத்து ஐந்து குரல்களுக்கு அவர் எழுதிய திருப்பலி இசைதான் அவரது மிகப் பெரிய படைப்பு.

எந்தப் பக்கம்?

1618-ல் பொஹீமியப் பிரபுக்கள் ஹாப்ஸ்பர்க் அரசுக்கு எதிராகக் கிளர்ந்து எழுந்தார்கள். பெரும்பாலும் சீர்திருத்த சமயத்தினர். கத்தோலிக்கராக வளர்ந்த ஹரான்ட் நினைத்திருந்தால் ஒதுங்கி இருந்திருக்கலாம். கோட்டை, பதவி, இசை எல்லாம் இருந்ததே! ஆனால் அவர் சமயம் மாறிக் கிளர்ச்சியில் இறங்கினார். 1619-ல் அவரது பீரங்கிகள் வியன்னா அரண்மனையையே தாக்கின. புதிய அரசில் நிதித்துறையின் தலைவரும் ஆனார்.

அந்த அரசு நிலைக்கவில்லை. 1620 நவம்பர் 8 அன்று வெள்ளை மலைப் போரில் எல்லாம் முடிந்தது. பெட்ஸ்காவில் இருந்த ஹரான்ட் கைது செய்யப்பட்டார்.

ஜூன் 21, 1621

பிராக் பழைய நகரச் சதுக்கத்தில் அன்று 27 பேர் கொல்லப்பட்டனர். ஹரான்ட் மூன்றாமவர். அவர்களின் கடைசி வார்த்தைகள் மக்கள் காதில் விழாதபடி முரசுகள் விடாமல் முழங்கினவாம். ஆறு குரல்களும் தனித்தனியே கேட்க வேண்டும் என்று இசை எழுதியவர், தன் ஒரு குரல் கூடக் கேட்காமல் இறந்தார்.

ஜெருசலேம் வரை கூட வந்த செர்னின் என்ன ஆனார்? அவர் கத்தோலிக்கராகவே இருந்து பேரரசர் பக்கம் நின்றார். சொத்தும் பட்டமும் சேர்ந்தன. ஹரான்டின் விதவையைப் பின்னர் மணந்தவரும் அவரே. ஒரே படகில் போன இரு நண்பர்கள். ஒருவருக்கு வாள், மற்றவருக்கு வாழ்வு.

பெட்ஸ்கா கோட்டை பறிமுதல் ஆகிக் கைமாறியது. ஹரான்டின் படைப்புகளில் இன்று கிடைப்பவை மிகச் சிலவே. முழுமையாக இருப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பழைய நகரச் சதுக்கத்தின் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று ஹரான்டுக்கு உரியது. அன்று முரசு அடித்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. ஹரான்டின் பாடலை மட்டும் 400 ஆண்டுகள் கழித்தும் பாடுகிறார்கள்.