சென்னைப் படைச் சிப்பாய்

சென்னைப் படைச் சிப்பாய் என்பவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண அரசு சம்பளம் கொடுத்து வைத்திருந்த இந்தியக் காலாட்படை வீரர். மக்கள் பேச்சில் இந்தப் படை 'கும்பினிப் பட்டாளம்'. கர்நாடகப் போர்களின்போது சிறு சிறு குழுக்களாக இருந்த சிப்பாய்களை ஸ்டிரிங்கர் லாரன்ஸ் 1758இல் பட்டாலியன்களாகத் திரட்டினார். 1824ஆம் ஆண்டு மறுசீரமைப்புக்குப் பின் வளர்ந்த இப்படையில் 52 சுதேசிக் காலாட்படை ரெஜிமென்டுகள் இருந்தன. தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள், கிறித்தவர், பறையர் எனப் பல தரப்பினரும் இதில் சேர்ந்தனர். உயர்சாதியினர் மிகுந்திருந்த வங்காளப் படையிலிருந்து இது பெரிதும் வேறுபட்டது.

சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 7 ரூபாய். பாளையத்தில் இருக்கும் காலத்தில் சாப்பாட்டுச் செலவும் அதற்குள்தான். உடுப்புக்கும் பிடித்தம் உண்டு. ஆயினும் குறுநில மன்னர்களின் படைகளில் மாதக்கணக்கில் சம்பளம் நிலுவையில் கிடந்த காலத்தில், தவறாமல் கைக்கு வரும் 7 ரூபாய் பெரிய ஈர்ப்பு. போர்க்களத்துக்கோ தொலைவிடத்துக்கோ போனால் சம்பளத்துக்கு மேல் ஒரு படி கிடைத்தது. அதன் பெயர் பேட்டா. இன்று லாரி ஓட்டுநர்களும் திரைப்படத் தொழிலாளர்களும் வாங்கும் பேட்டா இதே சொல்தான்.

வங்காளச் சிப்பாய் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பணிக்கு வந்தார். சென்னைச் சிப்பாயின் குடும்பமோ ரெஜிமென்டுடனேயே நகர்ந்தது. மனைவி, பிள்ளைகள், சில வேளைகளில் வயதான தாய் என எல்லாரும் மாட்டு வண்டிகளோடு படையின் பின்னே நடந்தார்கள். பாளையத்தின் ஓரத்தில் குடிசைகள் எழுந்தன. சிப்பாய்களின் மகன்கள் சிறுவர்களாக இருக்கும்போதே குறைந்த சம்பளத்தில் ரெஜிமென்டில் பதிந்துகொள்ளப்பட்டு, வளர்ந்ததும் துப்பாக்கி ஏந்தினர். பணியில் இறந்தவரின் மகனுக்கு இப்படிக் கிடைத்த சிறு தொகைதான் பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. எனவே 7 ரூபாய் என்பது ஒரு குடும்பத்தோடு கம்பெனி செய்துகொண்ட உடன்பாடு. அதில் கைவைத்தபோதெல்லாம் கலகம் வந்தது.

அவற்றுள் பெரியது 1806ஆம் ஆண்டின் வேலூர்ப் புரட்சி. 1805 நவம்பரில் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடாக், தொப்பி போன்ற தோற்றமுடைய புதிய தலைப்பாகைக்கு உத்தரவிட்டார். அதில் தோலில் செய்த சின்னமும் இருந்தது. தொடர்ந்து நெற்றிக்குறியும் காதணியும் தடை செய்யப்பட்டன. தாடியை மழிக்கவும் சொன்னார்கள். மறுத்தவர்களுக்குக் கசையடி. அந்தத் தொப்பியோடு வீட்டுக்குப் போனால் உறவினர் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள் என்ற அச்சத்தை அதிகாரிகள் பொருட்படுத்தவில்லை. வேலூர்ச் சிப்பாய்கள் வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே குடும்பத்தோடு வசித்தவர்கள். மறுநாள் அணிவகுப்புக்காக அன்று அவர்களுள் பெரும்பாலோர் கோட்டைக்குள்ளேயே தங்கினர். ஜூலை 10 அதிகாலையில் எழுந்த கிளர்ச்சியை ஆர்க்காட்டிலிருந்து வந்த கில்லெஸ்பியின் படை அன்றே அடக்கியது. சுமார் 350 சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் மகன்கள் மீது பழி போடப் பலர் முயன்றனர். ஆனால் தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டதும், கிராடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்க்கும் திருப்பி அழைக்கப்பட்டதும் உண்மைக் காரணத்தைச் சொல்லிவிடுகின்றன. இதே பெண்டிங்க் பின்னர் தலைமை ஆளுநராகி, 1835இல் இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடியை ஒழித்தார். 1845இல் அது மீண்டும் வந்தது.

கடல் கடப்பதில் சென்னைச் சிப்பாய்க்கு வங்காளத்தாரைப் போன்ற தடை இல்லாததால், கம்பெனி அவரை எங்கும் அனுப்பியது: 1810இல் மொரீஷியஸ், 1811இல் ஜாவா, 1824இல் பர்மா. ரங்கூனில் மழைக்காலம் முழுவதும் அடைபட்டுக் கிடந்த அப்படையில், எதிரியின் குண்டைவிட நோய்க்குப் பலியானவர்களே அதிகம். சீனாவில் 1841 மே 30 அன்று, கான்டன் நகருக்கு வெளியே சன்யுவான்லி வட்டாரத்தில், 37ஆம் சென்னைக் காலாட்படையின் சுமார் 60 பேர் கடும் மழையில் வழிதவறினர். சிக்கிமுக்கிக் கல்லால் பொறி பறக்கவைத்துச் சுடும் அவர்களது துப்பாக்கிகள் நனைந்து செயலற்றுப் போயின. நீண்ட ஈட்டிகளோடு சூழ்ந்த ஊர்மக்களை, சதுரமாக அணிவகுத்துத் துப்பாக்கி முனைக் கத்தியால் மட்டுமே எதிர்கொண்டனர். மழையிலும் சுடக்கூடிய புதுவகைத் துப்பாக்கியோடு வந்த கடற்படைக் காலாட்கள் அவர்களை மீட்டனர். இந்நிகழ்ச்சி சீன வரலாற்றில் அந்நியரை எதிர்த்த மக்களின் வெற்றியாகப் போற்றப்படுகிறது. மறுபுறம் நின்றவர்களுள் பலர் சென்னை மாகாணத்துக் கிராமத்தார் என்பது அங்கும் இங்கும் அதிகம் பேசப்படுவதில்லை.

வெளிநாடு போகும் சிப்பாய் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு எழுதிவைக்கலாம். வீட்டார் அதை இங்கே பெற்றுக்கொள்வர். இந்த ஏற்பாடு எவ்வளவு நுட்பமானது என்பதை 1844இல் 47ஆம் ரெஜிமென்டு காட்டியது. சிந்துக்குப் புறப்பட்ட அவர்களுக்குச் சென்னை அரசு கூடுதல் பேட்டா உண்டு என்று உறுதி கூறியிருந்தது. அதை நம்பி வீட்டுக்குப் பணம் ஒதுக்கிவிட்டவர்களுக்கு, பம்பாய் சேர்ந்ததும் அந்த வீதம் கிடையாது என்று தெரியவந்தது. அணிவகுப்பிலேயே கலகம் வெடித்தது. வாக்குத் தவறியது அரசு; தண்டனை பெற்றது சிப்பாய்.

பதவி உயர்வு முப்பால்தான் வந்தது. நாயக், அவில்தார், ஜமேதார், சுபேதார் என்று படிகளைக் கடக்கவே தலை நரைத்துவிடும். அப்போதும், நேற்று கப்பலிலிருந்து இறங்கிய ஆங்கிலேய இளம் அதிகாரிக்கு அந்தச் சுபேதார் கீழ்ப்பட்டவரே.

உடல் தளர்ந்தவரை மருத்துவக் குழு சோதித்து ஓய்வுக்கு அனுப்பியது. ஓரளவு திடமாக இருந்தவர்கள் கோட்டைக் காவல் போன்ற இலகுவான வேலைகளுக்காக முதிய வீரர் பட்டாலியன்களில் வைத்துக்கொள்ளப்பட்டனர். மற்றவர்கள் ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பினர். தண்டனையாகப் பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கு ஓய்வூதியம் இல்லை. எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் அவ்வளவும் வீண். 1857இல் சென்னைக் காலாட்படை பெருமளவில் கிளர்ந்தெழாததற்கு, உடனிருந்த குடும்பமும் எதிரே தெரிந்த ஓய்வூதியமும் முக்கியக் காரணங்களாக இருந்திருக்க வேண்டும்.

1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ், தென்னிந்தியர் போருக்கு ஏற்றவர் அல்லர் என்று கருதினார். 'போர்க்குடி'க் கொள்கை வலுத்ததும் சென்னை ரெஜிமென்டுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன அல்லது பஞ்சாபியரைக் கொண்டு நிரப்பப்பட்டன. 7 ரூபாய்ச் சம்பளம் 9 ரூபாயானது 1895இல். அதே ஆண்டில் சென்னைப் படை தனிப்படையாக இருப்பதும் முடிவுக்கு வந்தது.