நுங்கு வண்டியும் ஒன்பது பனைமரமும்

போன மே மாசம் மதுரையிலருந்து மகள் வழிப் பேரன் லீவுக்கு வந்திருந்தான். ஏழு வயசு. ஏதோ படத்துல நுங்கு வண்டியைப் பார்த்திருக்கான். "தாத்தா, இது ஒண்ணு செஞ்சு குடுங்க"ன்னு கேட்டான். இதென்ன பெரிய விசயம்னு உடனே சரின்னுட்டேன். வயலுக்குப் போனப்புறம்தான் உறைச்சது. என் வரப்புல ஒரு பனை கூட இல்லை.

ரோட்டோரத்துல நுங்கு விக்கிறவர்கிட்ட போனேன். அவர் காயைச் சீவிச் சுளையை மட்டும் எடுத்து ஓலையில வைக்கிறார். மிச்சமெல்லாம் துண்டு துண்டா கிடக்கு, எதுவும் உருளாது. "தம்பி, வெட்டாம நாலு காய் குடுப்பா"ன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்காகச் சொல்றேன். காயோட தலையை மட்டும் சீவிட்டு, கட்டை விரலை விட்டு நோண்டிச் சாப்பிடணும். மிஞ்சுற வெறுங்காய்க்குக் கோந்தைன்னு பேரு. ஒரே அளவான ரெண்டு கோந்தையை ஒரு சாண் குச்சியில ரெண்டு பக்கமும் குத்தினா சக்கரம். ஒரு கவட்டைக் கம்பை அந்தக் குச்சி மேல வச்சுத் தள்ளினா வண்டி. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னா வண்டி சிறுசு பக்கமே திரும்பிக்கிட்டு இருக்கும். ரெண்டு மூணு நாள்ல காஞ்சு சுருங்கிடும். அதனால என்ன, அடுத்த காய் மரத்துல இருக்கும்.

பிள்ளைக வண்டி உருட்டுறது இன்னைக்கு நேத்துப் பழக்கமில்லை. பட்டினப்பாலையில, காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைக குதிரை பூட்டாத மூணு சக்கரச் சின்னத் தேரை உருட்டினது வருதுன்னு எங்க தமிழய்யா சொல்லுவார். ஆண்பால் பிள்ளைத்தமிழ்ல கடைசிப் பருவமே சிறுதேர்தான். எங்க சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில உடைஞ்ச பானை ஓட்டை வட்டமா தேய்ச்ச சில்லுகளும் பகடைக்காயும் மண்ணுக்குள்ளருந்து வந்திருக்கு. 2000 வருசத்துக்கு மேல ஆனது. நாங்களும் அதே மாதிரி ஓட்டாஞ்சில்லு தேய்ச்சுத்தான் பாண்டி விளையாடினோம். காசு குடுத்து யாரும் வாங்கினதில்லை.

யோசிச்சுப் பார்த்தா, 1970கள்ல நாங்க வச்சிருந்த சாமான் எல்லாமே விவசாயத்துல மிஞ்சினதுதான். அதனால விளையாட்டும் வெள்ளாமை மாதிரி பருவத்துக்குத்தான் வரும். சித்திரை, வைகாசியில நுங்கு வண்டி. ஆடிக் காத்துல ஓலைக் காத்தாடி. ரெண்டு ஓலைத் துண்டைக் குறுக்க மடிச்சு, நடுவுல கருவேல முள்ளைக் குத்தி ஓடினா சும்மா பிச்சுக்கிட்டுச் சுத்தும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில அப்பத்தா பல்லாங்குழியை எடுத்து வைக்கும். 14 குழி, குழிக்கு அஞ்சுன்னு 70 புளியங்கொட்டை. பங்குனியில புளி உலுக்கினப்ப எடுத்து வச்ச கொட்டை அது. தையில கதிர் அறுத்து, தாள் காஞ்சு வயல் சும்மா கிடக்கும்போது கிட்டி. ஊரே மைதானம்.

பம்பரம் மட்டும் நாமளா செய்ய முடியாது. ஆசாரி வேணும். அப்ப ஆசாரிக்குக் காசு கிடையாது. வருசம் பூரா கலப்பையும் வண்டியும் பார்த்துக் குடுப்பார், அறுப்பு முடிஞ்சதும் களத்துல நெல் அளந்து போடுவோம். கலப்பை செய்யும்போது மிஞ்சின கருவேலங்கட்டையில பம்பரம் கடைஞ்சு தருவார். பிள்ளைக்குச் செஞ்சதுக்குக் கணக்கு கிடையாது. அந்தப் பம்பரத்துல எதிராளி குத்தி வச்ச ஆக்கர் ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம். அப்புறம் டிராக்டர் வந்துச்சு. கலப்பைக்கு வேலையில்லை, ஆசாரிக்கும் வேலையில்லை. அவர் மகன் டவுனுக்குக் கதவு, ஜன்னல் வேலைக்குப் போயிட்டார். பம்பரமும் கூடவே போயிருச்சு. இப்ப கடையில பிளாஸ்டிக்குல விக்குது.

டிவியும் செல்போனும் வந்துதான் விளையாட்டைக் கெடுத்துச்சுன்னு எல்லாரும் சொல்றோம். நானும் சொல்லியிருக்கேன். ஆனா செல்போன் வர்றதுக்கு முன்னாலயே விளையாட்டுச் சாமான் விளைஞ்ச இடத்தை நாங்களே காலி பண்ணிட்டோம். அறுப்பு மிசின் வந்து களத்து மேடு போச்சு. வண்டி மாடு போச்சு. பனையை நான் விட்டேன்.

2002, 2003 ரெண்டு வருசமும் மழை பொய்ச்சுப் போச்சு. கண்மாய் வறண்டு வெடிச்சுக் கிடந்துச்சு. போர் போட்டே ஆகணும்னு நின்னேன். அப்பதான் செங்கல் சூளைக்கு மரம் எடுக்கிற ஆள் வந்தார். மரம் 200 ரூபாய். எங்க தாத்தா வச்ச ஒன்பது மரம், 1800 ரூபாய். ஒரே நாள்ல சாய்ச்சு லாரியில ஏத்திட்டாங்க. எங்க அப்பா திண்ணையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசலை. அந்தக் காசு போர்ச் செலவுல ஒரு ஓரத்துக்குக் கூடக் காணலை. போர்ல தண்ணியும் நிக்கலை. இப்ப பனையை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு அரசாங்கம் சொல்லியிருக்கு. 2021ல அந்த அறிவிப்பைப் பேப்பர்ல படிச்சப்ப சந்தோசமாவும் இருந்துச்சு, வெக்கமாவும் இருந்துச்சு.

பேரன் நான் செஞ்சு குடுத்த வண்டியை மதுரைக்கே எடுத்துட்டுப் போனான். மூணாம் நாள் போன் பண்ணி, "தாத்தா, சக்கரம் சுருங்கிப்போச்சு, வேற செய்யணும்"னான்.

ஆவணியில கண்மாய்க்கரையில விழுந்து கிடந்த பனம்பழத்தைப் பொறுக்கி, கொட்டை எடுத்து, மழைக்கு முன்னால வரப்புல முப்பது ஊன்றினேன். பனை காய்க்க பன்னிரண்டு, பதினஞ்சு வருசம் ஆகும். பாளை விட்டாத்தான் ஆணா, பெண்ணான்னே தெரியும். ஆண்பனையில நுங்கு கிடையாது. காய்க்கும்போது பேரனுக்கு வண்டி ஓட்டுற வயசு தாண்டியிருக்கும். நான் இருந்தா எழுபதைத் தாண்டியிருப்பேன்.

இதுவரைக்கும் பதினேழு முளைச்சிருக்கு. ஆடு கடிக்காம இருக்கச் சுத்தி முள்ளு வெட்டிப் போட்டிருக்கேன்.