விதிநூலும் ஆடுவோரும்

விளையாட்டொன்றின் உரிமை அதனை அச்சிட்டோருக்கா, ஆடி வளர்த்தோருக்கா என்னும் வினாவுக்கு 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் வரலாறு தக்க சான்றாகும். வீரன், மந்திரவாதி முதலிய பாத்திரங்களை ஏற்போர் மேசையைச் சூழ்ந்திருந்து, பகடையின் துணையுடன் கூட்டாகக் கதை புனைவதே இதன் இயல்பு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் ஆகிய அமெரிக்கர் இருவர் யாத்த இவ்வாட்டம் 1974 இல் மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது.

1997 இல் இதனை வெளியிட்ட கம்பனி கைமாறியது. புதிய உரிமையாளர் 2000 இல் விதிகளைப் பெரிதும் மாற்றி மூன்றாம் பதிப்பை வெளியிட்டனர். பிறரும் அவ்விதிகளைக் கையாளத் திறந்த உரிமமும் வழங்கினர். பழைய முறையிற் பற்றுடையோர் இவ்வுரிமத்தையே கருவியாகக் கொண்டனர். பதிப்புரிமை சொல்வடிவத்துக்கேயன்றி ஆடுமுறைக்கு இல்லை என்னும் சட்டநெறியும் அவர்களுக்குத் துணைநின்றது. வழக்கொழிந்த விதிகளைத் தம் சொற்களில் மீள எழுதினர். 2006 இல் வெளிவந்த 'ஒஸ்ரிக்' அத்தகைய முன்னோடி நூல்களுள் ஒன்று.

2023 சனவரியில் அவ்வுரிமத்தை மாற்றக் கம்பனி முயன்றபோது ஆடுவோர் திரண்டெதிர்த்தனர். அம்மாத முடிவுக்குள் கம்பனி பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை எவரும் பயன்படுத்துமாறு மீளப்பெறவியலாத பொது உரிமத்தின்கீழ் விடுவித்தது.

எனவே, இம்மறுமலர்ச்சியை வெறும் பழமை வேட்கையென ஒதுக்குதல் பொருந்தாது. வணிகப்பெயர் இன்றும் கம்பனிக்கே உரியது. மீட்டெழுதிய நூல்கள் வேறு பெயர்களையே தாங்குகின்றன. ஆயினும், பழைய ஆட்டம் அந்நூல்களின் வழியே அழியாது ஆடப்பட்டு வருகின்றது.