மூக்குச் சதையும் மானிப்பாய்த் தமிழும்

ஈழத்து உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஆறுமுக நாவலரிலிருந்து தொடங்குவது வழக்கம். அது பொருத்தமே. எனினும் நாவலர் வாழ்ந்த காலத்திலேயே, அவரது நல்லூருக்கு அண்மையிலுள்ள மானிப்பாயில், உடலையும் நோயையும் விளக்குதற்கென வேறோர் உரைநடை உருவாகிக்கொண்டிருந்தது. அது எத்துணைத் தூரம் செல்ல வல்லதாயிருந்தது என்பதை மதிப்பிட, மூக்கினுள் வளரும் சதை என்னும் சிறு நோயொன்றை உரைகல்லாகக் கொள்வோம்.

இந்நோய் நம்மவர்க்குப் புதியதன்று. வடமொழி மருத்துவ நூலார் இதனை நாசார்சம் என்று பெயரிட்டு மூலநோயோடு ஓரினமாக வைத்தெண்ணினர். யாழ்ப்பாணத்து அரசர் காலத்து மருத்துவ மரபும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய நூல்களாக நமக்குக் கிடைத்துள்ளது. பின்னதை ஏழாலை ஐ. பொன்னையா அவர்கள் அச்சேற்றியிராவிடின் அதுவும் ஏட்டோடு அழிந்திருக்கும். ஆயின் எந்நாட்டு முன்னோரும் வெறுங்கண்ணாற் கண்டதையே எழுதினர். பல கால்களையுடையது என்னும் பொருள்பட இதற்குப் பெயரிட்ட கிரேக்கரும் அவ்வாறே.

அமெரிக்க மிசனைச் சார்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டிலேயே மாணவரைப் பயிற்றத் தொடங்கினார். 1860களில் போதனை முழுவதையும் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலங் கற்றவர் உத்தியோகந் தேடி வெளியேறுவர், தமிழிற் கற்றவர் தம் ஊரிலேயே நின்று மருத்துவஞ் செய்வர் என்பது அவர் கணிப்பு. அவரிடமும் அவர்தம் மாணாக்கரிடமும் பயின்றோர் 60 பேருக்கு மேற்பட்டவர். கலைச்சொல்லுக்கு முதலில் தமிழை நாடினார்; அங்குக் கிடையாதவிடத்து வடமொழியை நாடினார்; இரண்டுங் கைகொடாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழோசைப்படுத்தினார். 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும் வெளிவந்தன. இந்நூல்களின் நடை இன்று சற்றுக் கரடாகத் தோன்றலாம். முதலில் வழி வெட்டியவன் கைவேலை வேறெவ்வாறு இருக்கும்?

இங்கு ஆண்டுகளை ஒப்புநோக்குதல் வேண்டும். மூக்குச் சதையை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஆராய்ந்த பில்றோத்தின் நூல் பேர்லினில் வெளிவந்தது 1855இல். தமிழில் இரண வைத்தியம் அச்சேறியது அதற்குப் பன்னிரண்டே ஆண்டுகள் கழித்து. இழையங்களை ஆராயும் கலை ஐரோப்பாவிலேயே இளங்கன்றாக இருந்தபோது மானிப்பாய்த் தமிழ் அதற்கு வெகு பின்னே நிற்கவில்லை.

பில்றோத் அச்சதையைச் சுரப்பிகளின் புதுவளர்ச்சி என்று கருதினார். அக்கருத்து நிலைக்கவில்லை. உண்மையில் அது கட்டியன்று; அழற்சியால் வீங்கித் தொங்கும் சளிமென்சவ்வே. அதன் மேற்பரப்பைப் பிசிர் கொண்ட மேலணி போர்த்திருக்கும். இடையிடையே சளி சுரக்கும் கிண்ணவடிவக் கலங்கள் அமைந்திருக்கும். மேலணியின் அடிமென்சவ்வு தடித்திருக்கும். அதன்கீழ் தொடுப்பிழையம் நீரூறித் தளர்ந்து, பஞ்சை நனைத்தாற்போற் காணப்படும். சுரப்பிகள் சிலவே, அவற்றுட் சில அடைபட்டுப் பைகளாக விரிந்திருக்கும். இவற்றினிடையே நிணநீர்க் குழியங்களும் இயோசின்நாடி வெண்குழியங்களும் செறிந்து கிடக்கும். செந்நிறச் சாயமான இயோசினை விரும்பியேற்கும் இக்குழியங்களை ஏர்லிக் வேறுபடுத்திக் காட்டியது 1879இல். கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டகன்று ஆறாண்டு கழிந்தபின். இவை மிகுந்துள்ள சதை, வெட்டியபின்னும் மீள வளரும் இயல்பு கூடியது. ஈழை நோயோடு சேர்ந்து வருவதும் உண்டு.

நுணுக்குக்காட்டியின் அருமை மற்றொரு நோயில் இன்னும் தெளிவாகும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மூக்கில் வேறொரு சதையும் வளர்வதுண்டு. அது சிவந்தது, தொட்டாற் குருதி கசிவது, மேலே வெண்புள்ளிகள் தூவியது. அப்புள்ளி ஒவ்வொன்றும் தடித்த சுவரையுடைய ஒரு வித்திக்கலன். முதிர்ந்தபோது அதனுள் ஆயிரக்கணக்கான நுண்வித்திகள் நிறைந்திருக்கும். 1900இல் ஆர்ஜென்ரீனாவில் சீபர் இதனை விவரித்தார். 1903இல் கல்கத்தாவிலிருந்து ஓகினீலி எழுதினார். 1923இல் எடின்பரோவில் அஷ்வேர்த் 'றைனோஸ்போரிடியம் சீபெரி' என்ற பெயரை நிலைநாட்டினார். நெடுங்காலம் பூஞ்சணமெனவே கருதப்பட்ட இவ்வுயிரி, மீன்களைத் தாக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கு உறவானது என்பது 1999இல் மரபணு ஆய்வால் வெளிப்பட்டது. குளத்து நீரிற் குளிப்போரிடம் இது மிகுதியாகக் காணப்படுகின்றது. நம் நாட்டு மருத்துவர் அறிந்தே ஆகவேண்டிய இந்நோய், கிறீன் 1884இல் மறைந்த பின்னரே நூலேறியது.

அவ்வேளை மானிப்பாய் முயற்சி தளர்ந்துவிட்டது. 1870இல் கொழும்பில் அரசினர் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. பதவியும் ஊதியமும் அவ்வழியே வந்தன. கிறீன் அஞ்சியதும் இதுவே.

சொல் இல்லாமற் போகவில்லை. இருபதாம் நூற்றாண்டில் பாடசாலை விஞ்ஞானத்துக்கென ஆக்கப்பட்ட இழையம், கலம், மேலணி, பிசிர் முதலிய சொற்களைக் கொண்டே மேலுள்ள விவரணை எழுதப்பட்டது. உயர்தர வகுப்பு மாணவன் அதனை இடர்ப்பாடின்றி விளங்கிக்கொள்வான். 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் தோன்றியபோது அதன் போதனாமொழி ஆங்கிலமாகவே அமைந்தது. அதற்குத் தக்க நியாயங்கள் உண்டு. உலக ஆய்வோடு உறவறுந்த மருத்துவன் நோயாளிக்குப் பயன்படான். எனினும், மூக்கிலிருந்து எடுத்த சதையின் இழையப் பரிசோதனை முடிவை ஆங்கிலத் தாளாகக் கையிற் பெறும் நோயாளி கேட்பது ஒரே கேள்வி: "ஐயா, இது திரும்ப வளருமோ?" அவ்வினாவுக்கு விடை அத்தாளிலேயே, இயோசின்நாடிகளாகவோ வித்திக்கலன்களாகவோ எழுதப்பட்டிருக்கின்றது.