இலையும் நங்கூரமும்

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். குரங்கைத் தவிர வேறெதுவும் நினைவில் நிற்காது. நாம் கதையாகச் சொல்வதை அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் பரிசோதனையாகவே செய்து பார்த்தார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், மீறி நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடங்கவில்லை. பிறகு, 'இப்போது நினைக்கலாம்' என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது.

துரத்தினால் போகாத எண்ணத்தை என்ன செய்வது? மனதில் ஒரு காட்சியை வரைந்துகொண்டு அதனோடு பழகும் வழிகளை உளவளத்துணையாளர்கள் சொல்லித்தருகிறார்கள். அவற்றுள் பெயர்பெற்றவை இரண்டு: ஆற்றில் மிதக்கும் இலை, கடலில் இறக்கும் நங்கூரம். இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கத் திருகோணமலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கொட்டியாரக் குடாவின் தென்கரையில், 335 கிலோமீற்றர் ஓடிவந்த மகாவலி தான் அள்ளிவந்த இலை சருகோடு கடலில் கலக்கிறது. குடாவின் வடக்கே உட்துறைமுகத்தில் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கின்றன. விடுவதும் நிற்பதும் ஒரே நீர்ப்பரப்பின் இரு கரைகளில்.

முதலில் இலை. கண்ணை மூடி, ஓடும் ஆற்றின் கரையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் வருகிறதா? அதை ஓர் இலையில் வைத்து நீரில் விட வேண்டும். அடுத்து வருவதை அடுத்த இலையில். நல்ல எண்ணம் வந்தாலும் அதற்கும் ஓர் இலைதான். இலையைத் தள்ளக் கூடாது, ஆற்றை விரைவுபடுத்தவும் கூடாது. ஓர் இலை கரையோரம் சிக்கி நின்றால், நிற்கும்வரை நிற்கட்டும். 'உதவாதவன்' என்பது உண்மையா பொய்யா என்ற வழக்கு இங்கே நடப்பதில்லை. அது ஒரு வாக்கியம், தலைக்குள் வந்துபோகிறது என்று பார்க்கப் பழகுவதே பயிற்சி.

நங்கூரத்தின் வேலை வேறு. அவுஸ்திரேலிய மருத்துவர் ரஸ் ஹாரிஸ் பரவலாக்கிய இந்தப் பயிற்சியில் கண்ணை மூட வேண்டியதில்லை. நெஞ்சு படபடக்கிறது, பயமாக இருக்கிறது என்று முதலில் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். பிறகு பாதங்களைத் தரையில் அழுத்தி ஊன்றி, விரல்நுனிகளை ஒன்றோடொன்று சேர்த்து அழுத்தி, கண்ணெதிரே இருப்பவற்றைப் பார்க்க வேண்டும்: கதிரை, சுவர், மேசையில் ஆறிப்போன தேநீர். எண்ணம் எங்கும் போகாது. ஆனால் ஆள் அடித்துச் செல்லப்படுவதில்லை.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்த உருவகம் உடனே பிடிபடும். வாடைக்காற்று தொடங்கும் நாட்களில் வள்ளத்தில் நங்கூரம் போடுவதைக் கவனியுங்கள். இரும்பு தொப்பென்று விழுகிறது. கயிறு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. "மாமா, விட்டாச்சு" என்கிறான் பொடியன். "கயித்தைக் கையில வச்சிரு. பிடிச்சிட்டுதா பார்" என்கிறார் பெரியவர். நங்கூரம் அடிமண்ணைக் கவ்விவிட்டதா, இழுபடுகிறதா என்பது உள்ளங்கைக்குத்தான் தெரியும். கயிறு கடலின் ஆழத்தைப்போலப் பல மடங்கு நீளமாக விடப்பட வேண்டும். இறுக்கிக் கட்டினால் அலை தூக்கும்போது நங்கூரம் பெயர்ந்துவிடும். பிடித்த பிறகும் வள்ளம் ஆடும், காற்றுக்கு ஏற்பத் திரும்பும். தன் இடத்தை மட்டும் விடாது. அலையை நங்கூரம் அடக்குகிறது என்று எந்தக் கடலோடியும் சொல்லமாட்டார்.

இரண்டும் ஒரே மரபில் வந்தவை. உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸும் அவருடைய சகாக்களும் வகுத்த 'ஏற்பும் உறுதிப்பாடும்' என்ற சிகிச்சை முறைதான் அந்த மரபு. எண்ணத்தை ஒழிப்பது இரண்டின் நோக்கமுமில்லை. ஆனால் இலை கேட்பது கொஞ்சம் அமைதி. கரையில் உட்கார்ந்து பார்க்கும் அளவுக்காவது மனம் நிலைகொண்டிருக்க வேண்டும். நங்கூரம் உடம்பை மட்டுமே கேட்கிறது. ஆகவே இரவில் திரும்பத் திரும்ப வரும் குறைசொல்லும் குரலுக்கு இலை பொருந்தும். கை நடுங்கி மூச்சு முட்டும் வேளையில் 'ஆற்றை நினையுங்கள்' என்றால் ஆறு வராது.

திருகோணமலை மாவட்டத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு: எந்தக் காட்சியை வரையச் சொல்கிறோம்? ஹேய்ஸும் சகாக்களும் 1999இல் வெளியிட்ட நூலில் இலைப் பயிற்சியின் நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது. சின்னஞ்சிறு சிப்பாய்கள் அட்டை ஏந்தி அணிவகுத்துப் போவதாகவும், ஒவ்வோர் எண்ணத்தையும் ஓர் அட்டையில் எழுதுவதாகவும் நினைக்க வேண்டும். அமெரிக்காவில் அது வேடிக்கையான ஊர்வலம். முப்பதாண்டுப் போரைப் பார்த்த ஊரில் அணிவகுப்பை நினைத்து யார் இளைப்பாறுவார்? நீரும் அப்படித்தான். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் நீர் எல்லோருக்கும் அமைதியின் படமாக இருக்க முடியாது. அப்படிப்பட்டவருக்கு இலைக்குப் பதில் மேகம் போதும். கடந்துபோகும் ரயில்பெட்டிகள் போதும். போவதுதான் முக்கியம், எதில் போகிறது என்பது அவரவர் தெரிவு.

நங்கூரத்துக்கும் உள்ளூர்ப் பொருத்தம் வேண்டும். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வடக்கில் தளர்வுப் பயிற்சிகளைக் கற்பித்தபோது, மூச்சோடு சேர்த்துச் சொல்லும் சொல்லை அவரவர் சமயத்திலிருந்தே எடுத்தார். சைவருக்கு 'ஓம்' என்றால், முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பௌத்தர்களுக்கும் அவர்களுடைய வழிபாட்டுச் சொற்கள். நான்கு சமயத்தவரும் வாழும் திருகோணமலைக்கு இது கச்சிதமான வழி. பழக்கப்பட்ட மண்ணில்தானே நங்கூரம் பிடிக்கும்.

ஆனால் நங்கூரத்துக்கும் ஓர் ஆபத்து உண்டு. 1659இல் சென்னைக் கரையில் புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புது மரம் பொருத்திக்கொள்ளக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. வந்த இடத்தில் கப்பல் தலைவரும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸும் சக மாலுமிகளும் கண்டியரசன் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச்சேர்ந்தது 1679இல்தான். ஒதுங்க வந்த துறையிலேயே அகப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த கதை அது. அச்சம் எழும்போதெல்லாம் ஒதுங்குவதையே வழக்கமாக்கிக்கொண்ட மனதுக்கும் அதுவே நேரும். இலைக்கான ஆபத்து இதற்கு நேரெதிர்: 'சீக்கிரம் போ' என்று இலையைத் தள்ளத் தொடங்கினால், அது வெள்ளைக் கரடியாகித் திரும்பி வரும்.

ஆய்வுகள் என்ன காட்டுகின்றன? சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் ஜெர்மன் உளவியலாளர்களும் உள்ளூர் உளவளத்துணையாளர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வொன்று 2008இல் வெளியானது. மனவடுவின் அறிகுறி கொண்ட 31 பிள்ளைகள் இரு குழுவாக்கப்பட்டனர். ஒரு குழு, நடந்ததை வாழ்க்கைக் கதையாக வரிசைப்படி சொன்னது. மற்றது தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தது. இரண்டுக்கும் ஆறு அமர்வுகள். ஆறு மாதத்தில் முதற்குழுவில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் மீண்டிருந்தனர். புள்ளிவிவரப்படி இது பெரிய வேறுபாடல்ல. சிகிச்சையே பெறாத மூன்றாவது குழு இல்லாததால், காலம் தானே ஆற்றியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இது இலையையும் நங்கூரத்தையும் நேராக நிறுத்திய ஆய்வுமல்ல. ஆனாலும் ஒன்று தெரிகிறது: நினைவை எதிர்கொண்ட வழியும் உடம்பை நிலைப்படுத்திய வழியும் பிள்ளைகளை ஏறத்தாழ ஒரே கரையில் சேர்த்தன. இரண்டிலும் துரத்தல் இல்லை.

எது முதலில் என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் சுய உதவிப் பயிற்சி விடை தருகிறது. உகண்டாவில் தென்சூடான் அகதிப் பெண்களிடம் பரிசோதிக்கப்பட்ட அந்தப் பயிற்சி, தரையில் ஊன்றுவதில் தொடங்குகிறது. எண்ணத்தின் கொக்கியிலிருந்து கழன்றுகொள்வது இரண்டாவது பாடம். முதலில் நங்கூரம், அப்புறம் இலை. மூன்றாவது பாடம், தனக்கு முக்கியமான வேலையைச் செய்யப் புறப்படுவது.

அந்த மூன்றாவதை வள்ளத்துப் பொடியனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று சற்றுத் தணிந்ததும் அவன் கயிற்றை இழுக்கத் தொடங்குகிறான். நங்கூரம் சேறும் பாசியுமாக மேலே வருகிறது. கடல் இன்னும் முழுதாக அடங்கவில்லை. ஆனால் வலை போட்ட இடத்துக்குப் போயாக வேண்டும்.