தாலி கட்டுற நேரத்துல கேமரா காலை வாருதா? சர்வீசுக்கு ஓடும் முன் இதைப் பாருங்க!

கல்யாண சீசன் வந்தாலே போட்டோகிராபர்களுக்கு தூக்கம் போய்விடும். கெட்டிமேளம் கொட்டும் அந்த சில நொடிகளில் டி.எஸ்.எல்.ஆர். கேமரா 'உய்ங், உய்ங்' என்று முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? மாப்பிள்ளை மறுபடியும் தாலி கட்டிக் காட்ட மாட்டார்!

ஆட்டோ போகஸ் போச்சு என்று கடைக்கு வரும் கேமராக்கள் எல்லாம் ரிப்பேர் ஆனவை அல்ல. பல சமயம் ஒரு சுவிட்ச்தான் காரணம். இது பற்றிய விவரம் வருமாறு:-

முதலில் சுவிட்ச்

லென்ஸ் பக்கவாட்டில் ஏ.எப்., எம்.எப். என்று ஒரு சுவிட்ச் இருக்கும். பையில் இருந்து எடுக்கும்போது கை பட்டு எம்.எப். பக்கம் நகர்ந்திருக்கலாம். நிக்கான் கேமராக்கள் சிலவற்றில் லென்ஸ் மாட்டும் இடத்துக்கு அருகே பாடியிலும் தனியாக ஒன்று உண்டு. அதையும் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் கேமரா வாங்கியவர்களுக்கு இன்னொரு தலைவலி. பட்டனை பாதி அழுத்தினால் எதுவுமே நடக்காது. முன்பு வைத்திருந்தவர் போகசை பின்பக்க ஏ.எப். ஆன் பட்டனுக்கு மாற்றி வைத்திருப்பார். செட்டிங்சை கிளியர் செய்தால் சரியாகும். கேனானில் கஸ்டம் பங்ஷன்களை தனியாக கிளியர் செய்யணும். இது தெரியாமல் காசு கொடுத்து ஏமாறுபவர்கள் உண்டு.

நிக்கானில் டி40 (2006), டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் போகஸ் மோட்டாரே கிடையாது. பழைய ஏ.எப்.டி. லென்ஸ் மாட்டினால் கையால்தான் திருப்ப வேண்டும். ஏ.எப்.எஸ். என்று போட்ட லென்சில் மோட்டார் உள்ளேயே இருக்கும். விலை மலிவு என்று 50 எம்.எம். 1.8டி வாங்கி விட்டு கேமராவை திட்டிப் பயனில்லை.

வெள்ளை வேட்டி பிரச்சினை

ஆட்டோ போகஸ் வேலை செய்ய கருப்பு-வெளுப்பு வித்தியாசம் வேண்டும். வெறும் வெள்ளை வேட்டி மீது புள்ளியை வைத்தால் கேமரா திணறும். ஜரிகை பார்டர் மீது வையுங்கள், டக்குன்னு பிடிக்கும். ஓமப் புகை வந்தாலும் இதே கதைதான். இருட்டு மண்டபத்தில் ஓரத்துப் புள்ளிகளை நம்பாமல் நடுப் புள்ளியை பயன்படுத்துவது நல்லது.

புள்ளியை கேமராவே தேர்வு செய்யட்டும் என்று விட்டு விட்டால், பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும். அட்சதை தூவும் சித்தப்பாவின் கை பளிச்சென்று விழும், பொண்ணு மாப்பிள்ளை மங்கலாகி விடுவார்கள்.

ஒன் ஷாட் மோடில் போகஸ் பிடிக்கவில்லை என்றால் ஷட்டரே விழாது. பட்டன் ரிப்பேர் என்று நினைத்து விடாதீர்கள். ரொம்ப கிட்டே நின்றாலும் அப்படித்தான். கேனானின் பழைய 50 எம்.எம். 1.8 லென்சுக்கு குறைந்தது 45 செ.மீ. தூரம் வேண்டும்.

தீப்பெட்டி டெஸ்ட்

'பிடிக்குது, ஆனா ஷார்ப்பா இல்ல' என்பவர்கள் முதலில் படத்தை பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுத்த மாதிரி இருந்தால் அது கை ஆட்டம். ஷட்டர் வேகத்தை கூட்டினால் போதும். முகம் மங்கி, காதோ பின்னால் இருக்கும் மாலையோ தெளிவாக இருந்தால்தான் போகஸ் கோளாறு. 50 எம்.எம். லென்சில் 1.8 வைத்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால், சின்ன சென்சார் கேமராவில் தெளிவாக விழுவது சுமார் 6 செ.மீ. மட்டுமே. மூணு விரல் அகலம்தான்!

எது கோளாறு என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். மூன்று தீப்பெட்டிகளை அரைச் சாண் இடைவெளியில் சாய்வாக நிறுத்துங்கள். ஸ்டாண்டில் கேமராவை வைத்து, 50 எம்.எம். என்றால் இரண்டரை மீட்டர் தள்ளி, நடுப் பெட்டியை எடுங்கள். வியூ பைண்டரில் பார்த்து ஐந்தாறு படம், லைவ் வியூவில் ஐந்தாறு படம். ஒவ்வொரு முறையும் போகசை கலைத்து விட்டு எடுக்கணும்.

இரண்டு முறை எதற்கு? வியூ பைண்டரில் பார்க்கும்போது கண்ணாடிக்கு கீழே உள்ள தனி சென்சார்தான் தூரத்தை கணிக்கிறது. லைவ் வியூவில் படம் விழும் சென்சாரே பார்த்து சரி செய்கிறது. லைவ் வியூ படம் தெளிவாகவும், மற்றது ஒவ்வொரு முறையும் முன் பெட்டி அல்லது பின் பெட்டியில் விழுந்தால் லென்சும் பாடியும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

கேனானில் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட், நிக்கானில் பைன் டியூன் மெனு இதற்குத்தான். மைனஸ் 20 முதல் பிளஸ் 20 வரை நகர்த்தலாம். முன் பெட்டி தெளிவாக இருந்தால் பிளஸ் பக்கம் போங்கள். எல்லா மாடலிலும் இது கிடையாது. கேனான் 50டி-யில் இருந்ததை 60டி-யில் தூக்கி விட்டு 70டி-யில் திரும்பக் கொடுத்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

மெனு இல்லாதவர்கள் சர்வீசுக்கு பாடி, லென்ஸ் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும். லென்சின் பித்தளை நிற காண்டாக்டுகளை கேமராவை ஆப் செய்து விட்டு உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்கலாம். உள்ளே இருக்கும் கண்ணாடியை மட்டும் தொடவே தொடாதீங்க. வாயால் ஊதினால் எச்சில்தான் போகும்.

விடிஞ்சா முகூர்த்தம், கேமரா சதி செய்கிறது என்றால்? 18-55 லென்சை 24 எம்.எம்.மில் வைத்து, எம்.எப். போட்டு, 3 மீட்டர் தூரத்தில் உள்ள ஆளுக்கு போகஸ் செய்து அப்படியே விட்டு விடுங்கள். அபெர்ச்சர் 5.6, கூடவே பிளாஷ். சுமார் 2 மீட்டர் முதல் 6 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். போகஸ் வளையம் நகராமல் இருக்க ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளலாம்.