செத்தவர் எழும் போர்க்களம்

ஊதல் சத்தம் கேட்டதும் செத்தவர்கள் எழுந்து உட்காருகிறார்கள். கால்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொள்கிறார்கள். சுட்டவனும் சுடப்பட்டவனும் ஒரே குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக் குடிக்கிறார்கள். ஸ்பெயினிலும் இங்கிலாந்திலும் சரித்திரப் பிரியர்கள் சிலர் ஸ்பானிய உள்நாட்டுப் போரை இப்படி நடித்துப் பார்ப்பதுண்டு. கயிற்று அடி வைத்த செருப்பு, தோளில் சுருட்டிய கம்பளி, வெற்றுத் தோட்டா, சிலுவைக் குறியிட்ட வைத்தியக் கூடாரம் எல்லாம் அந்தக் காலத்து மாதிரியே இருக்கும்.

கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியமில்லை. பதினெட்டாம் போரில் மாண்ட துரியோதனன் விடிந்ததும் டீக்கடை வாசலில் பீடி பற்றவைப்பதைப் பார்த்தவர்கள்தானே நாம்! ஆனால் துரியோதனனுடைய பேரன் யாரும் நம் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. அங்கே உட்கார்ந்திருக்கக் கூடும். வேடிக்கை அங்கேதான் விபரீதமாகிறது.

1936 ஜூலையில், தேர்தலில் வென்று அமைந்த குடியரசுக்கு எதிராகச் சேனாதிபதிகள் சிலர் கிளம்பினார்கள். பிறகு அவர்களுக்குத் தலைவரானவர் பிராங்கோ. ஹிட்லரும் முசோலினியும் அவருக்கு விமானமும் ஆட்களும் அனுப்பினார்கள். சோவியத் ரஷ்யா குடியரசுக்கு ஆயுதம் விற்றது. பிரிட்டனும் பிரான்ஸும் தலையிடுவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டன. அப்போது கம்யூனிஸ்ட் அகிலம் திரட்டிய சர்வதேசப் படைகளில், ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 35,000 பேர் சேர்ந்தார்கள். சுரங்கக் கூலிகள், மாணவர்கள், கவிஞர்கள். எந்தச் சட்டமும் அவர்களைப் பிடித்து இழுக்கவில்லை.

1937 பிப்ரவரி 12-ஆம் தேதி மாட்ரிட்டுக்குத் தென்கிழக்கே, ஹராமா ஆற்றங்கரை மேடுகளில், பிரிட்டிஷ் தொண்டர் படை முதன்முதலாகக் களம் புகுந்தது. சுமார் 600 பேர். அவர்களுடைய இயந்திரத் துப்பாக்கிகளுக்கு வந்து சேர்ந்ததோ பொருந்தாத தோட்டா. மாலையில் பாதிப் பேர்கூடப் போரிடும் நிலையில் இல்லை.

இதை எப்படி நடிப்பது? ஓடலாம், விழலாம், ‘அம்மா’ என்று அலறலாம். இன்று மாலை நாம் வீடு திரும்புவோமா என்ற சந்தேகத்தை மட்டும் நடிக்க முடியாது. கதைக்காரனாகிய நானும் இந்தத் தவறைச் செய்தவன்தான். முடிவு சோபிக்க வேண்டும் என்பதற்காகவே சில பாத்திரங்களைச் சாகடித்திருக்கிறேன். போரில் யாரும் கதையின் அழகுக்காகச் சாவதில்லை. இரு தரப்பிலும் நிராயுதபாணிகளைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அந்தக் காட்சியை நடிக்க யாருக்கு மனம் வரும்?

அதனால்தான் வைத்தியக் கூடாரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதுவரை ரத்தம் கொடுப்பவர் பெரும்பாலும் நோயாளியின் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருந்தது. போர் தொடங்கிய சில மாதங்களுக்குள் பார்சலோனாவில் பிரெடெரிக் துரான் என்ற டாக்டர் ரத்தத்தைச் சேமித்துப் போர்முனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அந்த டிசம்பரில் கனடா டாக்டர் நார்மன் பெத்யூன் மாட்ரிட்டில் அதே பணியை ஆரம்பித்தார். ஊர்ஜனங்கள் கொடுத்த ரத்தம் உறையாதபடி மருந்து கலந்து, குளிர்பெட்டியில் வைத்து, புட்டிகளில் முனை ஆஸ்பத்திரிகளுக்குப் போயிற்று. மாட்ரிட்டில் எவளோ ஒரு தையற்காரி கொடுத்த ரத்தம், அவளுக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு வெளிநாட்டானின் நரம்பில் ஓடியிருக்கலாம். நம் தேசத்து டாக்டர் அடலும் ஸ்பெயினில் தொண்டு செய்தவர். 1938-இல் சீனாவுக்குப் போன இந்திய வைத்தியக் குழுவுக்கு அவரே தலைவர்.

கூடாரத்தில் சிவப்புச் சாயம் நிறைந்த புட்டியைத் தூக்கிப் பிடித்து நிற்கும் பெண்ணுக்குப் பெரிய வசனமில்லை. கையை இறக்காமல் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்றைய தாதியின் வேலையும் பெரும்பாலும் அதுதான். வேஷம் நிஜத்துக்கு மிக அருகில் வருவது அந்த இடத்தில்தான்.

1938 அக்டோபர் 28-ஆம் தேதி பார்சலோனா அந்தத் தொண்டர்களை வழியனுப்பியது. மறு வருஷம் ஏப்ரலில் போர் முடிந்தது. பிராங்கோ ஜயித்தார். 1996-இல் ஸ்பெயின் அவர்களுக்குப் பிரஜாவுரிமை அளித்தது. 35,000 பேரில் சில நூறு கிழவர்கள்தான் அவ்வருஷம் திரும்பி வந்து நின்றார்கள். அந்த ஊதலுக்கு எழுந்து வர மற்றவர்கள் இல்லை.